கேளுங்கள், சொல்கிறேன்: கியோட்டோவில் ஒரு சாயங்கால நடை

போன இதழில் ஜப்பான் பயணம் பற்றி எழுதியபோது, கியோட்டோவுக்குப் போகிறவர்கள் ஒரு சாயங்காலத்தையாவது கைடோடு நடப்பதற்கு ஒதுக்குங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான், அதிலும் நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்து நிறைய. அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் ஏப்ரலில் போகிறோம். போனில் மேப் இருக்கிறது, மகனுக்கு ஜப்பானிய மொழியும் ஓரளவு வரும். அப்புறம் எதற்கு கைடுக்கு தண்டமாகப் பணம் கொடுக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, பகலுக்கு நீங்கள் சொல்வது சரி. ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் கியோட்டோ வந்துவிடும், கோயில்களில் பலகை இருக்கிறது, மகன் கூட வருகிறார், கைடு தேவையே இல்லை. நான் சொன்னது சாயங்காலத்துக்கு. கியோன் என்கிற அந்தப் பழைய பேட்டையில் இருட்டிய பிறகு நடப்பதெல்லாம் மூடிய கதவுக்கு உள்ளேதான் நடக்கிறது. தெருவில் நிற்கிற நமக்குத் தெரிவது மரக்கிராதி, அதற்குப் பின்னால் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம், வாசலில் தொங்கும் ஒரு காகித விளக்கு, அவ்வளவுதான். மேப் தெருப் பெயரைச் சொல்லும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒரு ஆள்தான் சொல்ல முடியும்.

794-இல் தலைநகரமான ஊர் அது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் அரச குடும்பம் அங்கேதான் இருந்தது. கிழக்குப் பக்கம் யசாகா என்ற கோயில் இருக்கிறது, அங்கே கும்பிட வந்தவர்களுக்கு டீ கொடுக்க வாசலில் முளைத்த கடைகள்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கியோன் ஆனது. ஆட்டமும் பாட்டும் விருந்துமாக அவை மாறிய பிறகும் ஒச்சாயா, அதாவது டீ வீடு என்ற பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கைடு உங்களை ஹனாமிகோஜி என்ற தெருவின் முனையில் நிறுத்துவார். ஷிஜோ பெருந்தெருவும் அதுவும் சந்திக்கிற மூலையில் செங்காவிச் சுவரோடு ஒரு பெரிய பழைய வீடு, இச்சிரிக்கி என்று பெயர். பெயர்ப்பலகை பெரிதாக இல்லை, விலைப் பட்டியல் இல்லை, உள்ளே போய் உட்காரவும் முடியாது. ஏற்கெனவே வந்து போகிற வாடிக்கையாளர் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் இதுபோன்ற வீடுகளில் இடம். அன்றைக்கே காசும் வாங்க மாட்டார்கள், கணக்கு பிறகு வரும், புதிதாக வந்தவர் தரவில்லை என்றால் அவரைக் கூட்டிவந்தவர்தான் பொறுப்பு. இது திமிர் இல்லை ஐயா, நாணயத்தின் மேல் நடக்கிற தொழில், யாரென்று தெரியாதவரை வீட்டுக்குள் விடாத வழக்கம். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சுவரைப் பார்ப்பதற்கும், தெரியாமல் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அப்புறம் அந்தக் கிராதி. கியோட்டோவின் பழைய மரவீடுகளில், முன்பக்கம் ஒடுக்கமாகவும் உள்ளே நீளமாகவும் போகிற வீடுகள், வாசலை அடைத்தபடி மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். முதலில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். நூல், துணி வியாபாரம் செய்த வீட்டில் சில சட்டங்களை மேலே குட்டையாக வெட்டி விட்டிருப்பார்கள், நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டுமே, அதற்காக. அரிசி மூட்டையும் சாராயப் பீப்பாயும் ஏற்றி இறக்கிய வீட்டில் சட்டம் தடியாக, முரடாக இருக்கும். சுவரின் அடியில் மூங்கிலை வளைத்துச் சாய்த்து ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள், மழைச்சேறு தெறிக்காமலும் நாய் அசிங்கம் பண்ணாமலும் இருக்க. மாடியில் ஜன்னலுக்குப் பதிலாகச் சுவரிலேயே நீளநீளமாகக் கீற்றுகள் விட்டிருப்பார்கள், உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. நல்ல கைடு ஒருவர் ஒரே வீட்டின் முன்னால் கால்மணி நேரம் நிறுத்தி இதையெல்லாம் காட்டுவார். அதற்குப் பிறகு அந்தத் தெரு முழுக்க உங்களுக்குப் படிக்க வந்துவிடும். நீங்கள் கேட்கிற தண்டச் செலவு இதற்குத்தான் போகிறது.

ஏப்ரலில் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. அந்த மாதம்தான் மியாகோ ஒதோரி, கியோன் கலைஞர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மேடையேறி ஆடுகிற ஆட்டம். தலைநகரம் டோக்கியோவுக்குப் போய் ஊர் சோர்ந்து கிடந்தபோது, 1872-இல், ஊரைத் தூக்கி நிறுத்த நடந்த பொருட்காட்சியில் ஆரம்பித்தது. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனைவியையும் கூட்டிப்போங்கள்.

அக்கா, எனக்கு கெய்ஷாவை நேரில் பார்க்க வேண்டும், ஒரு செல்ஃபியாவது எடுக்க வேண்டும். சாயங்கால டூரில் போனால் கண்டிப்பாகப் பார்க்கலாம் என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

கண்டிப்பாகப் பார்க்கலாம் என்று சொல்கிற டூரில் போகாதே கண்ணு. அப்படி வாக்குக் கொடுக்கிறவர், வாக்கைக் காப்பாற்றத் துரத்தத்தான் வேண்டியிருக்கும்.

விருந்துகளில் ஆடிப் பாடுகிற கெய்ஷாக்களை கியோட்டோவில் கெய்கோ என்பார்கள், பயிற்சியில் இருக்கிற இளம்பெண் மைகோ. பதினைந்து, பதினாறு வயதில் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆட்டம், பாட்டு, ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், டீ பரிமாறும் முறை என்று கற்றுக்கொள்கிறார்கள். மைகோவின் கொண்டை சொந்த முடியில் போட்டது, கலையாமல் இருக்க உயரமான கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்குவார்கள். கெய்கோ ஆனபின் டோப்பா. முதல் வருஷ மைகோவுக்குக் கீழுதட்டில் மட்டும்தான் சிவப்பு. கூந்தலில் செருகும் பூ மாதத்துக்கு மாதம் மாறும். முதுகில் நீளமாகத் தொங்குகிற பட்டையின் நுனியில் அவர் எந்த வீட்டுப் பெண் என்ற அடையாளம் நெய்திருக்கும். உன் வயசை விடச் சின்னப் பெண்கள் அவர்கள், மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு வீட்டிலிருந்து விருந்து நடக்கும் இடத்துக்குக் கால்நடையாக வேலைக்குப் போகிறார்கள். அந்த ஐந்து நிமிஷ நடையில்தான் கூட்டம் வழிமறித்தது, கிமோனோவைப் பிடித்து இழுத்தது, டாக்ஸி வரைக்கும் ஓடியது. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குக் கூடையோடு ஓடுகிற ஒரு அக்காவை நிறுத்தி முகத்துக்கு நேரே போனை நீட்டினால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசி.

கியோன் தெருக்காரர்கள் 2019-இல் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். அதற்கும் கட்டுப்படவில்லை. 2024-இல் அந்தச் சந்துகள் சிலவற்றில் வெளியாட்கள் நுழையவே கூடாது என்று அடைத்துவிட்டார்கள். ஹனாமிகோஜி பொதுத்தெரு, அதில் நடக்கலாம், பக்கவாட்டுச் சந்துதான் கூடாது. கொஞ்ச பேர் செய்த வேலைக்கு எல்லாருக்கும் கதவு சாத்தியாயிற்று, எனக்கு இதில் தெருக்காரர்கள் மேல் துளிக்கூட வருத்தம் இல்லை.

பார்க்க வழி இருக்கிறது. கியோன் கார்னர் என்ற சின்ன அரங்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மைகோ ஆட்டம், பொம்மலாட்டம், கோட்டோ வாத்தியம், அரசவை இசை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார்கள். அன்றைக்கு ஆட்டம் உண்டா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள். தெருவில் எதிரே யாராவது வந்தால் ஓரமாக ஒதுங்கி வழி விடு, போன் பையிலேயே இருக்கட்டும். அவர் கடந்து போகும்போது உதட்டைக் கவனித்தால் முதல் வருஷ மைகோவா இல்லையா என்று உனக்கே தெரியும்.

நாங்கள் சுத்த சைவம். சாயங்கால டூரில் ராத்திரி சாப்பாடும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். சேரலாமா?
– இல்லத்தரசி, திருவொற்றியூர்

சேராதீர்கள் அம்மா. நடை மட்டும் உள்ள டூராகப் பாருங்கள். காய்கறிதானே என்று வாங்குகிற குழம்பிலும் கீரையிலும் அடித்தண்ணீரே உலர்ந்த சூரை மீன் சீவல் போட்டுக் கொதிக்க வைத்ததாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கடைக்காரரும் அதை மீன் என்று கணக்கில் எடுக்க மாட்டார். மீன், மீன் சாறு, இறைச்சி, முட்டை எதுவும் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வையுங்கள். புத்த மடங்களின் சமையல் கியோட்டோவில் பேர்போனது, ஷோஜின் என்பார்கள், அதில் கடற்பாசியிலும் காளானிலும்தான் சாறு எடுப்பார்கள். ஆனால் அது பெரும்பாலும் பகல் சாப்பாடு, முன்பதிவும் கேட்கும். நன்ஜென்ஜி கோயில் பக்கம் வெந்நீரில் மிதக்கிற டோஃபு விசேஷம், அதிலும் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிற சாற்றில் மீன் இருக்கலாம் என்பதால் வெறும் சோயா கேளுங்கள். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நடந்துவிட்டு, ராத்திரிக்கு அறையில் சூடான சாதம் வாங்கி நம்ம பருப்புப்பொடி, தொக்கு என்று முடித்துக்கொள்வது நிம்மதி.

எந்த மாதம், எத்தனை மணிக்கு?
– வாசகர், ராயபுரம்

நமக்கு வருஷம் முழுக்க சூரியன் மறைகிற நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஏறி இறங்கும். கியோட்டோவில் அப்படி இல்லை. டிசம்பர் ஆரம்பத்தில் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஜூன் கடைசியில் ஏழேகால் ஆகும். அதனால் ஆறு மணி டூர் என்று போட்டிருந்தால் கோடையில் அது வெயில் டூர், குளிர்காலத்தில் நடு இருட்டு டூர். நீங்கள் போகிற தேதிக்கு சூரியன் எப்போது மறைகிறது என்று பார்த்து, அதற்கு அரைமணி முன்னால் தொடங்குகிற நடையை எடுங்கள், பகலும் விளக்கும் மாறுகிற நேரம் கிடைக்கும். கல்படிகளோடு ஏறிப்போகிற சன்னென்சாக்கா தெருப் பக்கக் கடைகள் ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் மூடிவிடும், வாங்க நினைப்பதைப் பகலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வெக்கை நம்ம கத்திரி வெயிலுக்குக் குறைந்தது இல்லை. ஆனாலும் ஜூலையில் கியோன் மட்சுரி இருக்கிறது, 869-இல் கொள்ளைநோய் தீரட்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்கிய திருவிழா. 17-ஆம் தேதி தேர் ஊர்வலம், அதற்கு முந்தைய சாயங்காலங்களில் தேர்களில் விளக்குச் சரம் கட்டித் தெருவிலேயே நிறுத்தியிருப்பார்கள், தெரு முழுக்க ஜனம். ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்கு, அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து போவதாக நம்புகிற முன்னோர்களை வழியனுப்ப ஐந்து மலைகளில் தீ மூட்டுவார்கள். இந்த நாட்களில் கைடு கிடைத்தாலும் நடக்க இடம் கிடைக்காது. அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் கடைசியும் மார்ச் கடைசியும் விட்டு, இடைப்பட்ட குளிர்மாதங்கள்தான் என் சிபாரிசு, நல்ல ஸ்வெட்டர் இருந்தால் போதும்.

பேய் டூர் என்று ஒன்று இருக்கிறதாமே அக்கா? சும்மா பயமுறுத்துகிற வேலையா, உள்ளே விஷயம் இருக்கிறதா?
– பிளஸ் டூ மாணவன், காலடிப்பேட்டை

விஷயம் இருக்கிறது தம்பி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கியோனுக்குத் தெற்கே கொஞ்சம் நடந்தால் ரொக்குதோ சின்னோஜி என்று ஒரு கோயில். அதற்கு அந்தப் பக்கம் மலையடிவாரம் பழைய காலத்தில் பிணங்களைக் கொண்டுபோய் விடுகிற இடம், அதனால் இந்த உலகம் முடிந்து அந்த உலகம் தொடங்குகிற முனை இதுதான் என்று ஊர் நம்பியது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஓனோ நோ தகமுரா என்று ஒரு அரசவை அதிகாரி, கவிஞரும்கூட, நிஜமாக வாழ்ந்தவர். பகலில் அரசனிடம் வேலை, ராத்திரியானால் இந்தக் கோயில் கிணற்றில் இறங்கி எமலோகத்துக்குப் போய் எம்மாவுக்கு உதவியாக உட்கார்ந்து வழக்கு விசாரிப்பாராம். எம்மா யார் என்கிறாய், நம்ம எமதர்மன்தான், புத்த மதத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர். கிணறு இன்னும் இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு மிட்டாய்க் கடை. ஒரு பெண் ராத்திரி ராத்திரி வந்து ஒரு காசுக்கு மிட்டாய் வாங்கிப் போகிறாள், கடைக்காரர் சந்தேகப்பட்டுப் பின்தொடர்கிறார், அவள் இடுகாட்டில் மறைந்துபோகிறாள், மண்ணுக்கு அடியிலிருந்து குழந்தை அழுகிற சத்தம். தோண்டிப் பார்த்தால் செத்துப்போன தாயின் பக்கத்தில் உயிரோடு ஒரு குழந்தை, வாயில் மிட்டாய். பால் கொடுக்க முடியாத தாய் அப்படி வளர்த்தாள் என்பது கதை. அந்தக் குழந்தை பிறகு துறவி ஆனது என்பார்கள். அந்த மஞ்சள் மிட்டாயை இன்றைக்கும் விற்கிறார்கள், ஒழுங்கில்லாமல் உடைத்த கண்ணாடிச் சில்லு மாதிரித் துண்டுகள், வாயில் போட்டால் ரொம்ப நேரம் கரையாது. ராத்திரி டூர் போகிற நேரத்தில் கடை மூடியிருக்கும், பகலிலேயே ஒரு பை வாங்கி வைத்துக்கொண்டு கதை கேட்கும்போது வாயில் போட்டுக்கொள். முகமூடி மாட்டிக்கொண்டு மூலையிலிருந்து குதித்துக் காட்டுகிற டூர் என்றால் விட்டுவிடு.

கைடுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டுமா? டிப்ஸ் எவ்வளவு? எனக்கு முட்டி வலி வேறு.
– வாசகர், கொருக்குப்பேட்டை

அரசுத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய கைடுகள் 1949 சட்டத்திலிருந்து இருக்கிறார்கள். முன்பு அவர்கள் மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டலாம், 2018 ஜனவரியிலிருந்து லைசென்ஸ் இல்லாதவர்களும் செய்யலாம். ஆகவே லைசென்ஸை விட, ஒரு நடையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்துக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, கைடும் குரலை உயர்த்துவார், சுற்றிலும் குடும்பங்கள் இருக்கிற வீடுகள். கொடியும் மைக்கும் பிடிக்கிறவர் வேண்டவே வேண்டாம். டிப்ஸ் அங்கே வழக்கம் இல்லை, நீட்டினால் சங்கடப்படுவார்கள், குனிந்து நன்றி சொன்னால் போதும். முட்டிக்கு கியோனும் ஷிராகவா ஓடைக்கரையும் சமதளம், பிரச்சினை இல்லை. சன்னென்சாக்கா கல்படிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான சிவப்பு வாசல்கள் உள்ள கோயிலுக்கு ராத்திரியில் பிள்ளைகளோடு போகலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ஃபுஷிமி இனாரி. 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை, ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே வாசல். அரிசிக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம் என்பதால் தொழில் செய்கிறவர்கள் நேர்ந்துகொண்டு வைத்த வாசல்கள் அவை. ஏறிப்போகும்போது வெறும் சிவப்பாகத் தெரியும், திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு தூணிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பில் எழுதியிருப்பது தெரியும். மரம் மக்கிப்போனால் புதிதாக வைப்பார்கள். 233 மீட்டர்தான் மலை, பாதி வழியில் யொட்சுட்சுஜி என்ற இடத்தில் ஊர் விளக்குகள் தெரியும், பிள்ளைகளோடு அதுவரை போதும். அதற்கு மேல் விளக்கு குறைவு, ஆள் குறைவு, காட்டுப்பன்றி நடமாட்டமும் உண்டு, கைடு இல்லாமல் போகாதீர்கள்.

நம்ம ராயபுரம், மண்ணடிப் பக்கம் நானும் என் நண்பர்களும் இதுபோல ஒரு சாயங்கால நடை நடத்தலாம் என்று இருக்கிறோம். யாராவது வருவார்களா அக்கா? எங்கே ஆரம்பிப்பது?
– இளைஞர், கல்மண்டபம்

வருவார்கள் தம்பி, நானே வருகிறேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், தூண்களோடு இன்னும் நிற்கிறது. அங்கிருந்து ராபின்சன் பூங்கா, 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இன்னொரு நாள் சௌகார்பேட்டை, வள்ளலார் சின்ன வயசில் வளர்ந்த தெரு, அவர் பாடிய கந்தகோட்டம். முடிக்கிற இடம் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்ம ஆட்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸ் விற்கிற கடையில். இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட வேண்டாம்.

கியோன்காரர்கள் பலகை வைத்தது டூர் எல்லாம் வந்து குவிந்து, ஆட்கள் தெருவை அடைத்த பிறகு. நீங்கள் முதலிலேயே தெருவில் இருப்பவர்களிடம் பேசிவிடுங்கள். எந்தச் சந்துக்குள் வரலாம், எந்த வீட்டுத் திண்ணை முன்னால் நிற்கலாம், எத்தனை மணிக்கு மேல் கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மசூதித் தெருவில் கூட்டம் சேர்க்காதீர்கள், மீனவர் குப்பத்துக்குள் அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கதை சொல்ல அந்தந்தத் தெருப் பெரியவர் ஒருவரையே உட்கார்த்தி, வருகிறவர்களிடம் வாங்குகிற காசில் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள், சும்மா சால்வை போட்டு அனுப்பாதீர்கள். போட்டோ பற்றி ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் தொடங்கினால் வேர்வையும் இருக்காது, ஆறே கால் வாக்கில் நல்ல அந்தி வெளிச்சமும் கிடைக்கும். தெருக்காரர்களிடம் பேசி முடித்ததும் வழியையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.